ஸ்டென்ட் தேவைப்படாத குழாய்க்கு எழுதிய சமன்பாடு: ஒரு எம்.எஸ்சி. ப்ராஜெக்ட்டின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

தமிழ்நாட்டின் ஒரு கலை அறிவியல் கல்லூரியில், கணிதத் துறையில் எம்.எஸ்சி. இறுதிப் பருவத்தில் படித்த மாணவி ஒருவரின் ப்ராஜெக்ட் பற்றிய பதிவு இது. அவருக்குத் துறைப் பேராசிரியர் ஒருவர் வழிகாட்டி. நான் இரண்டாம் வழிகாட்டி. சம்பந்தப்பட்ட யார் பெயரும் இங்கே இல்லை.

மாணவி கொண்டுவந்த தலைப்பு: அடைப்புள்ள ரத்தக்குழாயில், ஸ்டென்ட் வைப்பதற்கு முன்னும் பின்னும் ரத்த ஓட்டம், ஒரு கணித மாதிரி. அவருடைய அப்பாவுக்குச் சில ஆண்டுகளுக்கு முன் மாரடைப்பு வந்து, குறுகிய குழாயை விரித்துத் தாங்கிப் பிடிக்கும் கம்பிவலைக் குழலான ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். இன்று ஸ்டென்ட் என்ற சொல் தெரியாத குடும்பமே இல்லை. 1977 செப்டம்பரில் சூரிச்சில் ஆண்ட்ரியாஸ் க்ரூன்ட்ஸிக் முதன்முதலாக இதயத் தமனியைப் பலூனால் விரித்தார். 1986இல் மனித இதயத் தமனியில் முதல் ஸ்டென்ட் வைக்கப்பட்டது. மருந்து பூசிய ஸ்டென்ட் 2002-03 வாக்கில் சந்தைக்கு வந்தது. இந்தியாவில் 2017 பிப்ரவரியில் விலை நிர்ணய ஆணையம் சாதா ஸ்டென்டுக்கு 7,260 ரூபாய், மருந்து பூசியதற்கு 29,600 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தபோது அது எல்லா வீட்டிலும் பேச்சானது. ஆகவே தலைப்பின் மேல் மாணவிக்கு இருந்த அக்கறை உண்மையானது. அந்த அக்கறை சமன்பாட்டுக்குள் எப்படி வராமல் போனது, பிறகு எப்படி வந்தது என்பதுதான் விஷயம்.

முதலில் எழுதிய மாதிரி

நம் ஊர்க் கணிதத் துறைகளில் ரத்த ஓட்ட மாதிரி நன்றாகப் பழகிய தடம். 1968இல் டி. எஃப். யங் அடைப்புள்ள குழாயின் வடிவத்தைக் கோசைன் வளைவாக எழுதிக் காட்டினார். அதற்குப் பின் வந்த கட்டுரைகளில் பெரும்பாலானவை அதே வளைவை எடுத்துக்கொண்டு, ரத்தத்துக்கு ஒவ்வொரு வகைப் பாய்ம விதியை மாற்றிப் போட்டு விடை காண்கின்றன. மாணவியும் அப்படித்தான் தொடங்கினார். ரத்தம் ஹெர்ஷல்-பல்க்லி பாய்மம், அதாவது ஒரு குறைந்தபட்சத் தகைவைத் தாண்டினால்தான் ஓடத் தொடங்கும் திரவம். குழாயின் இரு முனைகளுக்கு இடையே அழுத்த வேறுபாடு மாறாதது. அடைப்பின் உயரம் ஆரத்தில் 0.05 முதல் 0.2 வரை. ஸ்டென்ட் வைத்த பகுதியில் சுவரை ஒட்டிய திரவம் கொஞ்சம் வழுக்கி நகரலாம் என்று ஒரு நிபந்தனை. சீனியர் ஒருவர் மேட்லேப் என்ற கணக்கீட்டு மென்பொருளில் எழுதிய நிரலைத் திருத்தி வரைபடங்களும் எடுத்துவிட்டார். அடைப்பு கூடினால் ஓட்டம் குறைகிறது, வழுக்கல் கூடினால் ஓட்டம் கூடுகிறது.

கணக்கில் பிழை எதுவும் இல்லை. படிகள் சுத்தமாக இருந்தன. முதல் மீளாய்வில் வழிகாட்டி கேட்டது ஒன்றுதான்: "இதுல ஸ்டென்ட் எங்கம்மா இருக்கு?" வழுக்கல் நிபந்தனையைச் சுட்டிக்காட்டினார் மாணவி. உலோகக் கம்பி வலையின் மேல் ரத்தம் ஏன் வழுக்க வேண்டும் என்று அடுத்த கேள்வி வந்தது. கட்டுரைகளில் அப்படித்தான் இருக்கிறது, மேடம் என்பதைத் தாண்டி அவரால் பதில் சொல்ல முடியவில்லை. தினமும் ஸ்டென்ட் வைக்கிற ஒருவரிடம் இந்த அறிக்கையைக் காட்டிவிட்டு மேலே போகலாம் என்று அன்றே முடிவு செய்தோம்.

மருத்துவர் பார்த்தது

ஓர் அரசு மருத்துவமனையின் இதயநோய் மருத்துவர், புறநோயாளர் நேரம் முடிந்த பிறகு எங்களுக்கு நேரம் ஒதுக்கினார். சமன்பாடுகளை அவர் புரட்டவே இல்லை. முதல் வரைபடத்தின் கிடை அச்சில் விரலை வைத்தார்.

"இந்த 0.2ங்கறது சதவீதத்துல எவ்வளவும்மா?"

"20 சதவீதம் சார்."

"20 சதவீத அடைப்புக்கு நாங்க யாரும் ஸ்டென்ட் வைக்க மாட்டோமே."

மாணவியின் சமன்பாடுகள் தீர்வதற்கே 'அடைப்பு லேசானது' என்ற அனுமானம் வேண்டும். அப்போதுதான் சில உறுப்புகளைத் தள்ளிவிட்டு கையால் விடை காண முடியும். அந்த அனுமானம் செல்லுபடியாகும் இடத்தில் ஸ்டென்டுக்கு வேலை இல்லை. ஸ்டென்ட் வைக்கும் இடத்தில் அனுமானம் செல்லாது. தலைப்பும் மாதிரியும் இரண்டு வேறு குழாய்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தன. இந்தத் துறையில் நான் படித்த எத்தனையோ அறிக்கைகளுக்கும் இது பொருந்தும் என்பதால்தான் இந்தப் பதிவையே எழுதுகிறேன்.

அடுத்தது 70 சதவீதம் பற்றியது. அறிக்கையின் முன்னுரையில் மாணவி, 70 சதவீத அடைப்பு என்றால் குழாயின் குறுக்குவெட்டுப் பரப்பில் 70 சதவீதம் மூடியிருக்கிறது என்று எழுதியிருந்தார். ஆஞ்சியோகிராம் படத்தில் மருத்துவர் பார்ப்பது விட்டத்தை. விட்டத்தில் 70 சதவீதம் போனால் பரப்பில் 91 சதவீதம் போய்விடும். பாய்ஸாய் விதிப்படி தடை ஆரத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதம் என்பதால், பரப்பு என்று எடுத்தால் அந்த இடத்தின் தடை 11 மடங்கு, விட்டம் என்று எடுத்தால் 123 மடங்கு.

மூன்றாவது கேள்விதான் மாதிரியை அடியோடு மாற்றியது. மாணவியின் மாதிரிப்படி அடைப்பு கூடக்கூட ஓட்டம் உடனே குறைந்துகொண்டே போகும். மூன்று செ.மீ. நீளக் குழாயில் ஒரு செ.மீ. தூரம் விட்டம் பாதியானால், அழுத்த வேறுபாடு மாறாமல் இருக்கும்போது, ஓட்டம் ஆறில் ஒரு பங்காகிவிடும் என்று அங்கேயே ஒரு தாளில் போட்டுக் காட்டினோம். மருத்துவர் இல்லை என்று தலையை ஆட்டினார். 50 சதவீத அடைப்போடு வருகிறவர்களுக்கு உட்கார்ந்திருக்கும்போது ஒன்றும் தெரியாது, ரத்த ஓட்டமும் ஏறக்குறைய சரியாகவே இருக்கும், மாடி ஏறும்போதுதான் நெஞ்சு இறுக்கும் என்றார். காரணத்தையும் சொன்னார். "தெரு பைப்புல கொஞ்சம் அடைப்பு இருந்தாலும், வீட்டுக் குழாயை இன்னும் கொஞ்சம் திறந்து விட்டா குடம் அதே நேரத்துல ரொம்பிடும். முழுசா திறந்த பிறகும் பத்தலைன்னா அப்பத்தான் பிரச்சினை."

வீட்டுக் குழாய் என்று அவர் சொன்னது இதயத் தசைக்குள் இருக்கும் நுண்குழாய்களை. மேலே அடைப்பு வந்தால் அவை விரிந்து தம் தடையைக் குறைத்துக்கொள்ளும். ஆரோக்கியமான இதயத்தில் ஓட்டத்தை ஓய்வுநிலையைவிட நான்கு மடங்கு வரை கூட்டும் இருப்பு அவற்றிடம் உண்டு. 1974இல் லான்ஸ் கூல்டும் அவருடைய சகாக்களும் நாய்களிடம் செய்த சோதனைகளில் இது தெளிவாகத் தெரிந்தது: விட்டம் சுமார் 85 சதவீதம் குறுகும்வரை ஓய்வுநிலை ஓட்டம் மாறவில்லை, அதிகபட்ச ஓட்டமோ 30 முதல் 45 சதவீதத்திலேயே குறையத் தொடங்கிவிட்டது.

கிளம்பும்போது ஓர் எண்ணைக் குறித்துக்கொள்ளச் சொன்னார். அழுத்தமானி பொருத்திய மெல்லிய கம்பியை அடைப்புக்கு அப்பால் செலுத்தி, நுண்குழாய்களை மருந்தால் முழுதாக விரியவைத்து, அங்குள்ள அழுத்தத்தை மகாதமனி அழுத்தத்தால் வகுத்தால் கிடைப்பது எஃப்.எஃப்.ஆர். அது 0.80 அல்லது அதற்குக் கீழ் என்றால்தான் அந்த அடைப்பு ஓட்டத்தை உண்மையில் கெடுக்கிறது என்று கொள்வார்கள். 1,005 நோயாளிகளை வைத்து 2009இல் வெளியான ஃபேம் ஆய்வில், படத்தை மட்டும் பார்த்து ஸ்டென்ட் வைத்தவர்களில் ஓராண்டுக்குள் இறப்பு, மாரடைப்பு, மறுசிகிச்சை ஆகியவற்றில் ஏதாவது ஒன்றைச் சந்தித்தவர்கள் 18.3 சதவீதம். இந்த எண்ணை அளந்து முடிவெடுத்தவர்களில் அது 13.2 சதவீதம்.

எடுத்த முடிவுகள்

பருவத்தில் பாதி போயிருந்தது. தலைப்பை மாற்றுவதா, மாதிரியை மாற்றுவதா என்று துறையில் பேசினோம். தலைப்பை 'லேசான அடைப்பில் ஓட்டம்' என்று சுருக்கிவிட்டால் இருக்கும் அறிக்கை அப்படியே போதும், மதிப்பெண்ணுக்கும் குறைவிருக்காது. மாணவி அதை விரும்பவில்லை. ஸ்டென்ட் வைக்கலாமா என்ற கேள்விக்கு உதவாத கணக்கைத் தன் பெயரில் கொடுக்க மனசு வரவில்லை மேடம் என்றார். வழிகாட்டியும் அவர் பக்கம் நின்றார். அது சரியான முடிவு என்று இன்றும் நினைக்கிறேன்.

ஹெர்ஷல்-பல்க்லி விதியைக் கைவிட்டோம். துறையில் இதற்குத்தான் எதிர்ப்பு அதிகம்; ரத்தத்தைத் தண்ணீர்போல் பாகுமை மாறாத திரவமாக, அதாவது நியூட்டன் பாய்மமாக எடுத்தால் ப்ராஜெக்ட்டே எளிதாகிவிடும் என்ற கவலை. ஆகவே முடிவை எண்களிடம் விட்டோம். 3 மி.மீ. விட்டமுள்ள தமனியில் நிமிடத்துக்கு 60 மி.லி. ஓடினால் சராசரி வேகம் நொடிக்கு 14 செ.மீ. சுவரில் சறுக்கு வீதம், அதாவது சுவரிலிருந்து விலக விலக வேகம் கூடும் வீதம், நொடிக்கு ஏறக்குறைய 380. நொடிக்கு 100ஐத் தாண்டினாலே ரத்தம் கிட்டத்தட்ட நியூட்டன் பாய்மமாக நடந்துகொள்ளும். விட்டம் பாதியான இடத்தில் இந்த வீதம் எட்டு மடங்காகிறது. ரத்தம் நகரத் தொடங்கத் தேவையான தகைவு 0.005 பாஸ்கல் அளவில்தான். சுவரில் இருப்பதோ 1.3 பாஸ்கல். பல பக்கங்களுக்கு நீண்ட இயற்கணிதம் விடையில் எதையும் மாற்றவில்லை. ஸ்டென்ட் கம்பிகளுக்குப் பின்னால் ரத்தம் சுழன்று தேங்கும் சின்னஞ்சிறு இடங்களில் இந்த விதி முக்கியமாகலாம். எங்கள் கேள்வி அங்கே இல்லை.

அழுத்த வேறுபாடு மாறாதது என்ற எல்லை நிபந்தனையை எடுத்துவிட்டு மகாதமனி, அடைப்பு, நுண்குழாய்கள் மூன்றையும் தொடராக இணைத்தோம். மகாதமனியில் 90 மி.மீ. பாதரச அழுத்தம். அடைப்பில் இரண்டு இழப்புகள்: பாகுமையால் வருவது ஓட்டத்துக்கு நேர்விகிதம், குறுகிய வாயிலிருந்து விரிந்து வெளியேறும்போது வருவது ஓட்டத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதம். யங்கும் சாயும் 1973இல் தந்த வடிவம் இது. நுண்குழாய்த் தடை தேவைக்கேற்ப கால் பங்கு வரை இறங்கலாம். சிரையழுத்தத்தை விட்டுவிட்டோம். எல்லாம் சேர்ந்து கடைசியில் ஓர் இருபடிச் சமன்பாடுதான். மேட்லேப் கூட வேண்டாம், விரிதாள் போதும்.

மருந்து பூசிய ஸ்டென்டிலிருந்து மருந்து குழாய்ச் சுவருக்குள் பரவுவதையும் சேர்க்க மாணவிக்கு ஆசை இருந்தது. அரை மி.மீ. சுவரைக் கடக்க ஆகும் நேரத்தைத் தோராயமாகப் பார்த்தோம்: மருந்து எவ்வளவு வேகமாகப் பரவும் என்பதைக் காட்டும் பரவல் கெழுவுக்கு ஒரு மதிப்பை எடுத்தால் ஏழு மணி நேரம், அதில் பத்தில் ஒன்றாக எடுத்தால் மூன்று நாள். நம்பிக்கையான கெழு கையில் இல்லாமல் அந்தப் பகுதியை எழுதினால் வரைபடம் அழகாக வரும், பொருள் இருக்காது. விட்டுவிட்டோம். நோயாளிகளின் படங்களையும் கேட்கவில்லை. அதற்கு மருத்துவமனையின் நெறிமுறைக் குழு அனுமதி தர வேண்டும், ஒரு பருவத்துக்குள் அது நடக்காது.

கணக்கு சொன்னது

3 மி.மீ. தமனி, 1 செ.மீ. நீள அடைப்பு. விட்டத்தில் 40 சதவீதம் குறுகினால் எஃப்.எஃப்.ஆர். 0.90. 50 சதவீதத்தில் 0.80. 60 சதவீதத்தில் 0.63. 70 சதவீதத்தில் 0.39. மருத்துவர்கள் பயன்படுத்தும் எல்லைக்கோடு 50 சதவீதத்தில் தானாக வந்து விழுந்ததைப் பார்த்து மாணவி துள்ளிக் குதித்தார். நீளத்தையும் விட்டத்தையும் சற்று மாற்றினால் அந்த எண் நகரும் என்பதையும் அடுத்த பத்தியிலேயே எழுத வைத்தோம்.

ஓய்வுநிலை ஓட்டம் 75 சதவீதம் வரை குறையவில்லை. கூல்டின் சோதனையில் இது 85. அடைப்பின் நீளத்தை 3 மி.மீ. ஆக்கியபோது எல்லை 78 வரை நகர்ந்தது, அதற்கு மேல் போகவில்லை. இந்த இடைவெளியை மறைக்காமல் அறிக்கையில் எழுதினார்.

70 சதவீதத்தைப் பரப்பு என்று எடுத்திருந்தால் எஃப்.எஃப்.ஆர். 0.86 வந்திருக்கும், விட்டம் என்று எடுத்ததால் 0.39. ஒரே எண், ஆனால் இரண்டு விடைகளும் எல்லைக்கோட்டின் இரண்டு பக்கம்.

எனக்குப் பெரிதாகப் பட்டது ஸ்டென்ட் வைத்த பிறகான கணக்கு. 70 சதவீத அடைப்பை விரித்து 10 சதவீதமாக்கிவிட்டால் 0.39 என்பது 0.99 ஆகிறது. ஆனால் அதே குழாயில் கீழே 3 செ.மீ. தூரத்துக்கு 40 சதவீதம் பரவலாகக் குறுகியிருந்தால், மேலே ஸ்டென்ட் கச்சிதமாக உட்கார்ந்தாலும் விடை 0.83தான். படத்தில் கண்ணை இழுக்கும் ஒரே ஓர் அடைப்பு சரியாகிவிட்டது; நீளமாக லேசாகக் குறுகிய பகுதி தன் பங்கைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. சர்க்கரை நோயாளிகளிடம் இப்படிப் பரவலான நோய் அதிகம். நம் ஊர் வார்டுகளில் மருத்துவர்கள் தினமும் பார்ப்பது இதைத்தான். இதைக் காட்டியபோது அந்த மருத்துவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு விரிதாளில் தானே எண்களை மாற்றிப் பார்த்தார்.

அப்பாவின் ரிப்போர்ட்

இந்தக் கட்டத்தில் மாணவி ஒரு பிளாஸ்டிக் உறையைக் கொண்டுவந்தார். அப்பாவின் டிஸ்சார்ஜ் சம்மரி. முன்பக்கத் தமனியின் தொடக்கத்தில் 70 சதவீதம் என்று அதில் இருந்தது. வீட்டில் ப்ராஜெக்ட் பற்றிச் சொன்னதும் அப்பா கேட்டிருக்கிறார்: "அப்போ எனக்கு வெச்சது தேவைதானாம்மா?"

அந்த எண்ணை மாதிரியில் போடக்கூடாது என்று முடிவெடுத்தோம். ரிப்போர்ட்டில் சதவீதம் மட்டும்தான் இருக்கிறது. நீளம் இல்லை, குழாயின் இயல்பான விட்டம் இல்லை, நுண்குழாய்களின் நிலை தெரியாது. அதைவிட முக்கியமானது, அவருக்கு வந்தது மாரடைப்பு. கொழுப்புப் படிவு வெடித்து, மேலே ரத்தம் உறைந்து குழாய் அடைபட்ட அவசரநிலையில், எவ்வளவு சீக்கிரம் திறக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. நிலையான நெஞ்சுவலிக்காரர்களுக்குத்தான் ஸ்டென்டா, மருந்து மட்டும் போதுமா என்ற விவாதம். 2007இல் கரேஜ் ஆய்வும் 2020இல் 5,179 பேரை வைத்து வந்த இஸ்கெமியா ஆய்வும் அவர்களைப் பற்றியவை. நிலையான நோயில் மருந்தோடு ஸ்டென்டும் வைத்தது இறப்பையோ மாரடைப்பையோ குறைக்கவில்லை என்று அவை காட்டின. மாரடைப்போடு வந்தவருக்கு இந்த முடிவைப் பொருத்தவே கூடாது. எங்கள் மாதிரியில் படிவு வெடிப்பதும் இல்லை, ரத்தம் உறைவதும் இல்லை.

இதை அப்பாவிடம் மாணவியே சொல்ல வேண்டாம், அடுத்த செக்கப்பில் அவருடைய மருத்துவரிடமே கேட்கட்டும் என்று வழிகாட்டி சொன்னார். மகள் சொல்லும் அரைகுறைப் பதிலைக் கேட்டு ஒருவர் மாத்திரையை நிறுத்திவிட்டால்? ஸ்டென்ட் வைத்தவர்கள் ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையைத் தாமாக நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. அப்பா அப்படியே மருத்துவரிடம் கேட்டார். மாத்திரைகளைத் தொடர்கிறார்.

வைவா

புறத் தேர்வாளர் முதலில் கேட்டது எதிர்பார்த்ததுதான்: எம்.எஸ்சி. அளவுக்கு இருபடிச் சமன்பாடு போதுமா? மாணவி சறுக்கு வீதக் கணக்கை விளக்கினார். பிறகு மகாதமனி, அடைப்பு, நுண்குழாய்கள் மூன்றையும் பலகையில் வரைந்து, பழைய எல்லை நிபந்தனையும் புதியதும் 50 சதவீதத்தில் என்ன சொல்கின்றன என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதினார். பழையதில் ஓட்டம் ஆறில் ஒரு பங்கு. புதியதில் ஓய்வுநிலையில் குறைவே இல்லை, உச்சநிலையில் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. தேர்வாளர் அதன் பிறகு கேட்டதெல்லாம் இதயத்தைப் பற்றித்தான். நல்ல மதிப்பெண் கிடைத்தது. கைவிட்ட முதல் மாதிரியையும் பின்னிணைப்பில் வைத்திருந்ததை அவர் பாராட்டினார்.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

மருத்துவரைப் பருவத்தின் நடுவில் இல்லாமல், தலைப்பு முடிவாகும் முன்பே பார்க்க வேண்டும். துறையின் முன்மொழிவுப் படிவத்தில் இப்போது இரண்டு வரி சேர்த்திருக்கிறோம்: இந்த விடையை வைத்து யார், என்ன முடிவெடுப்பார்? மாதிரியின் அனுமானங்கள் அந்த நபர் பார்க்கும் எல்லைக்குள் இருக்கின்றனவா?

நுண்குழாய் இருப்பு நான்கு மடங்கு என்று ஒரே எண்ணை வைத்தது போதாது. சர்க்கரை நோயிலும், ரத்த அழுத்தத்தால் தடித்த இதயத்திலும் அது குறைகிறது. இரண்டரை மடங்கு என்று வைத்தால் அதே 50 சதவீத அடைப்பின் எஃப்.எஃப்.ஆர். 0.80லிருந்து 0.89க்கு ஏறிவிடுகிறது. அடைப்பு லேசாகிவிட்டது என்று இதற்குப் பொருள் இல்லை; கீழே திறக்க முடியாததால் மேலே உள்ள அடைப்பு வெளியே தெரியவில்லை. அறிக்கையில் இது ஒரு பத்தியாக மட்டும் இருக்கிறது. தனி அத்தியாயமாக இருந்திருக்க வேண்டும்.

இதயத்துடிப்பையும் நாங்கள் தொடவில்லை. இதயத்தின் இடப்புறத் தமனிகளில் ரத்தம் பெரும்பாலும் இதயம் விரியும் நேரத்தில்தான் ஓடுகிறது. எங்கள் மாதிரியிலோ அது சீரான ஓட்டம். நிமிடத்துக்கு 72 துடிப்பு, 3 மி.மீ. தமனி என்றால், ஓட்டத்தில் துடிப்பின் தாக்கம் பாகுமையோடு ஒப்பிட எவ்வளவு என்று காட்டும் வோமர்ஸ்லி எண் 2.3 வருகிறது. துடிப்பைப் புறக்கணிக்கலாம் என்று துணிந்து சொல்ல முடியாத அளவு அது. அடுத்த ஆண்டு மாணவர் ஒருவர் இதை எடுத்துக்கொண்டிருக்கிறார். அந்த மருத்துவரைப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் தலைப்பைக் கொடுத்தார்.